பின்னால் வந்த வீடு சுவர் கட்டட்டும்

பெறுநர்: பெர்லின் மாநில செனட் (மாநில அரசு); ஜெர்மன் ஒன்றிய அரசின் கட்டுமான அமைச்சகம், சுற்றுச்சூழல் அமைச்சகம்

மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். 2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ (மின்னணு நடன இசை) பண்பாடு, யுனெஸ்கோ உடன்படிக்கையின்படி ஜெர்மனி பராமரிக்கும் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அரசியல்வாதிகள் வாழ்த்துச் சொன்னார்கள், பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அதே ஆண்டின் கடைசி இரவில், 2002 முதல் ஷ்ப்ரே ஆற்றங்கரையில் இயங்கிவந்த வாட்டர்கேட் கிளப் கதவைச் சாத்தியது. ஏறிக்கொண்டே போன செலவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். செலவையெல்லாம் நீங்கள் தீர்த்துவைக்க முடியாது, தெரியும். உங்கள் கையில் இருக்கும் இரண்டு விஷயங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒன்று, சத்தத்தை எப்படி அளப்பது என்ற விதி. மற்றொன்று, அந்தச் சத்தத்தைத் தடுக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்ற விதி.

நான் டிஜே இல்லை, கிளப் முதலாளியும் இல்லை. பிரீட்ரிக்ஸ்ஹைன் பகுதியில் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கும் மென்பொருள் பொறியாளன். அவ்வப்போது சனிக்கிழமை இரவில் ஆடப் போவேன். மற்ற சனிக்கிழமைகளில் தூங்க முயல்வேன். ஆக, இந்த வழக்கில் இரு தரப்பிலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. இந்த மடல் ஜெர்மன் மொழியில் தனியாக உங்களுக்கு வந்து சேரும். தமிழிலும் எழுதக் காரணம், கிளப்புகளை ஒட்டி எழும் புது வீடுகளில் குடியேறுகிறவர்களில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த என் போன்றவர்களும் இருக்கிறார்கள். நாளை புகார் எழுத உட்காரப்போகிறவர்களில் அவர்களும் அடக்கம். அவர்கள் இதைப் படித்துவிட்டு எழுதட்டும்.

முதலில் இந்த இசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோப்புகளில் நீங்கள் பார்ப்பது ஒரு எண்ணை மட்டும்தான்.

டெக்னோ பிறந்த ஊர் டெட்ராய்ட். 1980களில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்களோடு சேர்த்துத்தான் அதன் தொடக்கத்தைச் சொல்வார்கள். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்ததும், உரிமையாளர் யாரென்றே தெரியாமல் கிழக்கு பெர்லினில் பூட்டிக் கிடந்த கட்டடங்களில் அந்த இசை வந்து இறங்கியது. 1991 மார்ச்சில், லைப்சிகர் தெருவில் இருந்த பழைய வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் நிலத்தடிப் பணப்பெட்டக அறையில் ட்ரெசோர் கிளப் திறந்தது. தாழ்ந்த கூரை, துருப்பிடித்த கம்பிக் கதவு, உடைத்துத் திறந்த லாக்கர் பெட்டிகள், வியர்வை சொட்டும் சுவர். அதே ஆண்டு அதன் இசை நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டு டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினர் உருவாக்கியது. இரு நகரங்களும் அந்த நிலவறையில் கைகோத்தன.

இருண்ட டெக்னோ என்று இன்று நாம் அழைக்கும் வகை இத்தகைய அறைகளுக்காகவே வளர்ந்தது. நிமிடத்துக்கு 130 முதல் 145 அடி. நான்கு அடியிலும் கிக் டிரம் எனும் பெரிய டிரம்மின் ஆழ்ந்த அடி. மெட்டு என்று முணுமுணுக்க எதுவும் இராது. கிக் டிரம்மின் எதிரொலியைத் தனியே பிரித்தெடுத்து, அதிலுள்ள உயர்ந்த ஒலிகளையெல்லாம் வடிகட்டிவிட்டு, அடியில் எஞ்சும் முழக்கத்தை அடிக்கும் அடிக்கும் நடுவே நிரப்புவார்கள். ஒவ்வொரு கிக் விழும்போதும் முழக்கம் ஒரு கணம் தாழ்ந்து வழிவிட்டு, மறுகணம் மேலெழும். இந்த ஏற்றத் தாழ்வில்தான் ஆடுகிறவனின் முழங்கால் சிக்கிக்கொள்கிறது. பதினாறு, முப்பத்திரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஏதோ ஒன்று மாறும்: ஒரு சிலம்பல் சேரும், ஒரு உலோக உரசல் விலகும். அவ்வளவுதான். கைபேசியில் போட்டுக் கேட்டால் யாரோ மேசையைத் தட்டுவது போல இருக்கும். அந்தச் சின்ன ஒலிபெருக்கியால் 50 ஹெர்ட்ஸ் போன்ற ஆழ்ந்த ஒலியை எழுப்பவே முடியாது. இசையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஆகையால் அறையும் இங்கே ஒரு வாத்தியம். வயலினை எடுத்துக்கொண்டு வேறு மண்டபத்துக்குப் போய்விடலாம். இதற்கு அது இயலாது. 1950களில் கட்டப்பட்ட வெப்ப நிலையத்தில் 2004இல் தொடங்கிய பெர்கைன் கிளப்பின் நடனத் தளத்தில் கூரை ஏறத்தாழ 18 மீட்டர் உயரம். அங்கே வாசிக்கிறவர் அந்த உயரத்துக்கு ஏற்றபடி வாசிக்கிறார். பாடல்களுக்கிடையே நீண்ட கலவை, அவசரமில்லாத ஏற்றம். உள்ளே நுழையும்போதே கைபேசிக் கேமரா மீது ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவார்கள், எனவே யாரும் படமெடுப்பதில்லை. இருட்டில் யார் முகமும் சரியாகத் தெரியாது. கான்கிரீட் தூணில் கையை வைத்தால் உள்ளங்கை வழியே பேஸ் எனும் ஆழ்ந்த ஒலி ஏறும். ஞாயிறு காலை வெளியே வெயில் அடித்துக்கொண்டிருப்பது உள்ளே ஒருவருக்கும் தெரியாது. இதைத்தான் நீங்கள் மரபு என்று பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இனி விதிக்கு வருகிறேன்.

ஒரு கிளப்பின் சத்தத்தை நீங்கள் அளப்பது ‘டிஏ லேர்ம்’ எனப்படும் தொழில்நுட்ப ஆணையின்படி. முதல் வடிவம் 1968, இப்போது நடைமுறையில் இருக்கும் வடிவம் 1998. தொழிற்சாலையையும் பட்டறையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஆணை அது. பொதுக் குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 40 டெசிபெல்-ஏ (சத்த அளவு) வரை, வீடும் தொழிலும் கலந்த பகுதியில் 45 வரை. அளவியை வைக்க வேண்டிய இடம் பக்கத்து வீட்டின் திறந்த ஜன்னலுக்கு அரை மீட்டர் வெளியே. இரவு முழுவதன் சராசரி செல்லாது, இரவின் மிக மோசமான ஒரு மணி நேரமே கணக்கு. அதிகாலை 3 மணிக்கு ஒரு டிஜே கொஞ்சம் கூடுதலாக ஏற்றிவிட்டால் அந்த ஒரு மணிநேரமே அந்த இரவின் தீர்ப்பு.

அதே குடியிருப்புப் பகுதியில் புதிதாக ஒரு சாலை போட்டால்? உங்கள் போக்குவரத்துச் சத்த விதி இரவுக்கு அனுமதிக்கும் அளவு 49 டெசிபெல்-ஏ, அதுவும் எட்டு மணி நேரச் சராசரி. 9 டெசிபெல் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 8 மடங்கு ஒலியாற்றல். அந்த அளவையும் சாலை மீறினால், குடியிருப்பவர்களுக்குத் தடித்த கண்ணாடி ஜன்னல் பொருத்திக் கொடுத்து விஷயத்தை முடித்துக்கொள்ளலாம். கிளப்புக்குப் பொதுவாக அந்த வழியே கிடையாது. திறந்த ஜன்னலுக்கு வெளியே அளக்கிறபோது ஜன்னலை எத்தனை தடிமனாக்கினால் என்ன?

விளையாட்டு மைதானங்களுக்குத் தனி விதி 1991 முதல் இருக்கிறது. 2017இல் அதையும் தளர்த்தினீர்கள். குழந்தைகள் காப்பகங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் எழும் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கு என்றே கருதக்கூடாது என்று 2011இல் சட்டத்தைத் திருத்தினீர்கள். நல்ல திருத்தம். அக்கம்பக்கத்தார் காப்பகங்களை நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தினீர்கள். சாலைக்கு ஒரு விதி, கால்பந்துக்கு ஒரு விதி, குழந்தைக்கு ஒரு விதி. மரபுப் பட்டியலில் ஏறிய இசைக்கு மட்டும் இரும்புப் பட்டறையின் விதி.

தூங்குகிறவர்கள் எக்கேடும் கெடட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆடி மாதம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே பள்ளித் தேர்வுக்குப் படித்து வளர்ந்தவன் நான். தூக்கம் கெட்டவனின் கோபம் எனக்கு அந்நியமில்லை. பெர்லினில் என் படுக்கையறைக்கு வந்து சேர்வது இசையுமில்லை. உயர்ந்த ஒலிகளைச் சுவர் விழுங்கிவிடுகிறது. மேற்படி ஏற்றம், உரசல், சிலம்பல் எல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிடும். கிக் மட்டும் கடந்து வரும். கண்ணாடி அலமாரியில் இரண்டு தம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் சன்னமாக ‘கிண்கிண்’ என்னும். எழுந்து போய் அவற்றைப் பிரித்து வைத்துவிட்டு வந்து படுப்பேன். விளக்கைப் போட்டுத் தேடினாலும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று புரியாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர், என் படுக்கையறையைவிடப் பெரியது.

உங்கள் அளவி இங்கே யாருக்குமே நீதி செய்யவில்லை. டெசிபெல்-ஏ என்பது மனிதக் காதின் உணர்திறனை ஒட்டி ஒலிகளுக்கு எடை போடும் முறை. அதில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 30 டெசிபெல் தள்ளுபடி. பேச்சுச் சத்தத்துக்கும் இயந்திர இரைச்சலுக்கும் அது பொருந்தும். இருண்ட டெக்னோவுக்குப் பொருந்தாது. இந்த இசையில் தொல்லை தரும் பகுதி முழுவதும் அந்தத் தள்ளுபடிக்குள் ஒளிந்துகொள்கிறது. அதற்காகத்தான் தாழ்ந்த ஒலிகளை வீட்டுக்குள்ளே, ஜன்னல்களை மூடி, அலைவரிசை வாரியாக அளக்கும் ‘டின் 45680’ என்ற தனித் தரநிலை இருக்கிறது. ஆணை சுட்டும் பதிப்பு 1997ஆம் ஆண்டுடையது. பேஸ் எங்கே தொல்லை தருகிறதோ அங்கே போய் அளக்கும் முறை அது. முதன்மையான அளவுகோலாக இருக்க வேண்டியதை இணைப்பில் வைத்திருக்கிறீர்கள்.

அளவுகோலை மாற்றினால் இரு பக்கமும் லாபம் உண்டு. வீட்டுக்குள் பேஸ் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று நேரடியாக விதித்தால் எனக்குத் தூக்கம் கிடைக்கும். கிளப்பின் ஒலிப் பொறியாளருக்கு எதைக் குறைக்க வேண்டும் என்பது தெளிவாகும். தாழ் ஒலிபெருக்கிகளை முன்னும் பின்னுமாக அடுக்கி, பின்பக்கம் செல்லும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்ய அவர்களுக்குத் தெரியும். நடனத் தளத்தை ரப்பர் திண்டுகளின் மேல் மிதக்கவிட்டு, அறைக்குள் அறை கட்டவும் தெரியும். வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு, ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். நுரைப் பலகை ஒட்டுவதெல்லாம் இந்த ஒலிக்கு எடுபடாது. எடையும் இடைவெளியும் வேண்டும், இரண்டுக்கும் பணம் வேண்டும்.

பணம் என்றதும் அடுத்த விதி வந்துவிடுகிறது.

பிரென்ஸ்லாவர் பெர்க் பகுதியில் க்னாக் என்று ஒரு கிளப் இருந்தது. 1952 முதல் இருந்தது. கிழக்கு ஜெர்மனி என்ற நாட்டுக்கே அதைவிட மூன்று வயதுதான் கூடுதல். அந்த அரசு போன பிறகும் கிளப் நின்றது. பக்கத்து மனையில் புதுக் குடியிருப்பு எழுந்தது. குடிவந்தவர்கள் சத்தத்துக்கு எதிராக நீதிமன்றம் போனார்கள், ஜெயித்தார்கள். 2010 முடிவில் க்னாக் மூடப்பட்டது. டெக்னோவைவிட ராக் இசைக்கே பேர்போன இடம் அது. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதானே. அங்கே யாரும் சட்டத்தை மீறி அநியாயம் செய்யவில்லை. கட்டடத்துக்கு அனுமதி முறைப்படி கிடைத்தது, நீதிபதி இருக்கிற விதியைப் படித்துத் தீர்ப்புச் சொன்னார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே இருந்தவர் நேற்று வந்தவரின் ஜன்னலுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே விதியாக இருந்தது. அதுதான் கோளாறு.

என் வீட்டைக் காட்ட வந்த தரகர் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நேரம் கொடுத்தார். தெரு அமைதியாக இருந்தது. பால்கனியில் நின்று “மிக அமைதியான பகுதி” என்றார். வாடகை ஒப்பந்தத்தில் குப்பைத் தொட்டிகள் எங்கே நிற்கும் என்பது வரை எழுதியிருந்தது. சற்றுத் தள்ளியிருக்கும் நடனத் தளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்டியவருக்குத் தெரியாதா? கிளப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று திட்ட அலுவலகங்கள் பார்ப்பதற்காகவே ஒரு வரைபடம் இந்த ஊரில் இருக்கிறது. தெரிந்தும் சாதாரண ஜன்னலைப் பொருத்தி, படுக்கையறைகளைக் கிளப் இருக்கும் பக்கமாக வைத்து, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை வசூலிக்கிறார். ‘கலகலப்பான சுற்றுப்புறம்’ என்று விளம்பரத்தில் போட்டு அதற்கும் சேர்த்து வாங்குகிறார். பிறகு நானும் கிளப்காரரும் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் அடுத்த மனைக்குப் போய்விடுவார்.

நான் கேட்பது இதுதான்: ஏற்கெனவே சத்தம் இருக்கும் இடத்துக்குப் பின்னால் வருகிறவர் எவரோ, தடுப்பு அவர் செலவு. பழைய வீடுகளுக்கு நடுவே புதிதாகக் கிளப் திறந்தால் கிளப்பின் செலவு. பழைய கிளப்புக்குப் பக்கத்தில் வீடு கட்டினால் கட்டுகிறவரின் செலவு. இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இலேயே இதைத் திட்ட விதிகளில் சேர்த்துவிட்டது. இங்கிலாந்து 2018இல் தன் தேசியத் திட்டக் கொள்கையில் சேர்த்தது. ஜன்னலைச் சாய்த்துத் திறந்தாலும் உள்ளே அமைதி குலையாத ஒரு ஜன்னலை ஹாம்பர்க் துறைமுகப் பகுதியின் புதுக் குடியிருப்புகளுக்காக உங்கள் நாட்டுக்காரர்களே வடிவமைத்தார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ வழி கண்டுபிடித்தவர்களுக்கு நடனத் தளத்துக்குப் பக்கத்தில் வாழ வழி தெரியாமலா போகும்?

உங்கள் நாடாளுமன்றம் 2021 மே 7 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. இசைக் கிளப்புகளைச் சூதாட்ட அரங்குகளோடு ஒரே பட்டியில் அடைக்காமல், ஓபரா அரங்கு, நாடக அரங்கு, அருங்காட்சியகம் ஆகியவற்றோடு பண்பாட்டு இடங்களாக நிலப் பயன்பாட்டு ஆணையில் வகைப்படுத்தும்படி அரசைக் கேட்டுக்கொண்டது. 2024இல் கட்டுமானச் சட்டத் திருத்த வரைவு வந்தது. அந்த நவம்பரில் ஆளும் கூட்டணி உடைந்தது, வரைவும் அதோடு கிடப்பில் விழுந்தது. அரசுகள் கவிழ்வது இயல்பு. ஆனால் வரி விஷயத்தில் உங்கள் நீதிமன்றங்கள் இவ்வளவு காலம் எடுக்கவில்லை. ஆட்கள் டிஜேயின் வாசிப்புக்காகவே வருகிறார்கள், ஆகவே அது கச்சேரிக்கு ஒப்பானது, நுழைவுச் சீட்டுக்கு 19 சதவீதம் அல்ல, 7 சதவீத வரியே பொருந்தும் என்று பெர்கைன் வழக்கில் 2016இல் தீர்ப்பு வந்தது. 2020இல் நாட்டின் உச்ச வரி நீதிமன்றமும் டெக்னோ நிகழ்வுகளைப் பற்றி அதே வழியில் சொன்னது. வரி வாங்கும்போது கச்சேரி, மனை ஒதுக்கும்போது சூதாட்டக் கூடம் என்பது என்ன கணக்கு?

செனட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2018இல் நீங்கள் தொடங்கிய சத்தத் தடுப்பு நிதி, 10 லட்சம் யூரோ, நல்ல காரியம். கிளப்புகள் அதில் சுவரும் கதவும் போட்டுக்கொண்டன. கிளப்புக்காக வரும் சுற்றுலாப் பயணிகள் 2018இல் இந்த நகரத்தில் செலவழித்தது ஏறத்தாழ 150 கோடி யூரோ என்று கிளப்புகளின் சங்கம் கணக்குப் போட்டது. அந்த எண்ணைக் காட்டி உங்களிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை. சுற்றுலாப் பயணி வராவிட்டாலும் இந்த இசைக்கு அறை வேண்டும். ஆனால் நிதித்துறையில் யாராவது முகம் சுளித்தால் காட்டுவதற்கு அது உதவும். அந்த நிதியை ஆண்டுதோறும் உறுதியாகக் கிடைக்கும் நிதியாக்குங்கள். பழைய கட்டடங்களில் குடியிருப்பவர்களும் ஜன்னல் மாற்ற அதிலிருந்து விண்ணப்பிக்கலாம் என்று ஆக்குங்கள். அதைவிட முக்கியம், கிளப்பைச் சுற்றி எழும் ஒவ்வொரு கட்டட அனுமதியிலும் ஜன்னலின் தரத்தையும் படுக்கையறை எந்தப் பக்கம் என்பதையும் நிபந்தனையாக எழுதுங்கள். அதற்கு ஒன்றியச் சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஒன்றிய அரசுக்கு ஒன்று. பெர்லினின் ஏ100 நெடுஞ்சாலையின் 16ஆம் பகுதியை 2025 ஆகஸ்டில் திறந்தீர்கள். அடுத்த 17ஆம் பகுதி பிரீட்ரிக்ஸ்ஹைன் வழியே ஷ்டோர்கோவர் தெரு வரை போகவிருக்கிறது. ஓஸ்ட்க்ரோய்ஸ் ரயில் நிலையம் அருகே அபவுட் பிளாங்க் உள்ளிட்ட பல கிளப்புகள் அந்தக் கோட்டில் மாட்டுகின்றன. 40 டெசிபெல்லுக்குள் அடங்கச் சொல்லி இத்தனை காலம் நீங்கள் அளந்துகொண்டிருந்தவர்களை இடித்துவிட்டு, 49 வரை உரிமை உள்ள சாலையை அங்கே போடப்போகிறீர்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு இதை எப்படி விளக்குவீர்கள் என்று அறிய ஆவல்.

மேற்கு பெர்லின் 1949இலேயே மதுக்கடைகளுக்கும் நடனக் கூடங்களுக்கும் இருந்த மூடும் நேரத்தை ஒழித்தது. ஒரு விடுதிக்காரர் அமெரிக்கத் தளபதியிடம் போய்ப் பேசி வாங்கி வந்தது அது. குண்டு விழுந்து இடிந்து கிடந்த நகரத்தில் அந்த முடிவுக்கு ஒரு சந்திப்பு போதுமானதாக இருந்தது. இன்று உங்களிடம் வரைபடம் இருக்கிறது, தீர்மானம் இருக்கிறது, தரநிலை இருக்கிறது, ஏற்கெனவே எழுதிய வரைவும் இருக்கிறது.

மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டுகிறேன். நாடாளுமன்றம் 2021இல் கேட்ட வகைப்பாட்டை எந்தத் தேதிக்குள் ஆணையில் முழுமையாகச் சேர்ப்பீர்கள்? இசையரங்குகளின் சத்தத்துக்கு, வீட்டுக்குள் தாழ் ஒலியை அளக்கும் முறையை முதன்மையாகக் கொண்ட தனி விதி எழுதப்படுமா? 17ஆம் பகுதியின் பாதையில் உள்ள கிளப்புகளுக்கு மாற்று இடம் எந்த மனையில், யார் செலவில்? பதில் ஜெர்மன் மொழியிலேயே இருக்கலாம். தமிழில் நானே மொழிபெயர்த்து என் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிரீட்ரிக்ஸ்ஹைன் பகுதியின் வாடகைதாரர் ஒருவர்